படத்தில் இல்லாத கண்ணாடித் துண்டு!

கார்கள் மோதிக்கொள்ளும் ஒரு சின்னப் படம். பார்த்தவர்கள் 150 மாணவர்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் ஒரு கேள்வி: 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் 29 பேர் 'பார்த்தோம்' என்றார்கள்!

அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்பவருடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ஆய்வு இது.

படம் முடிந்தவுடன் மாணவர்களை 50 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். 'கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகத்தில் வந்தன?' என்று முதல் குழுவிடம் கேட்டார்கள். இரண்டாவது குழுவிடமும் அதே கேள்விதான்; 'நொறுங்க மோதியபோது' என்பதற்குப் பதில் 'இடித்தபோது' என்று மட்டும் மாற்றினார்கள். மூன்றாவது குழுவிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, இல்லாத கண்ணாடியைப் 'பார்த்தவர்கள்' முதல் குழுவில் 16 பேர், இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 6 பேர். எதுவும் சொல்லாமல் விட்டாலே ஆறு பேர் தவறுகிறார்கள் என்பதை மூன்றாவது குழு காட்டியது. அந்த ஆறைப் பதினாறாக்கியது, 'நொறுங்க' என்ற சொல்.

மனசுக்குள் நடப்பதை அளக்க இப்படியொரு வழி கிடைக்கப் பல காலம் ஆனது. 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, சோதனைக்கு வந்தவர் தன் உணர்வைத் தானே கவனித்துச் சொல்ல வேண்டும். 'அதை எப்படி நம்புவது?' என்று கேட்ட அடுத்த தலைமுறை அமெரிக்க ஆய்வாளர்கள், மனசையே ஓரங்கட்டிவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளந்தார்கள். 1950-களில் கம்ப்யூட்டரைப் பார்த்த பிறகுதான், மூளையும் தகவலை வாங்கி, மாற்றி, சேமித்து வைக்கிறது என்ற எண்ணம் வலுத்தது. 1967-ல் உல்ரிக் நைசர் எழுதிய புத்தகத்தால் 'அறிவாற்றல் உளவியல்' என்ற பெயர் நிலைத்தது.

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு இல்லை. 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு. பாதிக்கப்பட்ட பெண், போலீஸ் காட்டிய போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். பிறகு ஆட்களை வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். 'போட்டோவில் நீங்கள் காட்டியதும் இவரைத்தான்' என்று போலீஸ் சொன்னதும் அவருடைய உறுதி கூடியது. அவர் பொய் சொல்லவில்லை; முழுமையாக நம்பினார். காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995-ல் டி.என்.ஏ. பரிசோதனை, குற்றவாளி வேறொருவர் என்று காட்டியது.

1999-ல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் போலீசாருக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பதிலை எடுத்துக்கொடுக்கும் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். வரிசையில் குற்றவாளி இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது அது.

வீட்டுக்கும் இது பொருந்தும். பள்ளிவிட்டு அழுதுகொண்டே வரும் பிள்ளையிடம் 'அவன் அடிச்சானா?' என்று கேட்காதீர்கள். 'என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.