சுண்டெலியின் எடை

ஜெர்மன் மொழியில் ‘மௌஸ்’ என்றால் சுண்டெலி. இரண்டாம் உலகப் போரின்போது பெர்டினாண்ட் போர்ஷ் வடிவமைத்த 188 டன் டாங்கிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள்! உருவானவை இரண்டே. அவற்றின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதை ரஷ்யாவின் குபின்கா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதன் பிளாஸ்டிக் மாதிரிகள், 35-இல் ஒரு பங்கு அளவில், இன்றும் விற்பனையாகின்றன. பாகங்களை ஒட்டி முடித்தால் ஒரு முழத்துக்கும் குறைவு. நல்ல வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. பார்ப்பவர் “எத்தனை பெரிய டாங்கி!” என்று வியக்கிறார். எதற்கு உதவிற்று என்று யார் கேட்கிறார்?

நீளமும் அகலமும் துல்லியமாக இருக்க, எடை மட்டும் தொலைந்து போனதே இதற்குக் காரணம் என்பேன். கணக்கைப் பாருங்கள். நீளம் 35-இல் ஒரு பங்கானால் கனஅளவு 42,875-இல் ஒரு பங்காகும். அதே உலோகத்தில் செய்தாலும் சுமார் 4.4 கிலோதான்; அது தரையில் தரும் அழுத்தமும் 35-இல் ஒரு பங்குதான். பிளாஸ்டிக்கில் அதுவும் இல்லை. ஆகவே மேசைமேல் அது கம்பீரமாக நிற்கிறது. மெய்யான மௌஸையோ பெரும்பாலான பாலங்கள் தாங்கா என்பதால், ஆற்றுக்குள் இறங்கியே கடக்கத் திட்டமிட்டிருந்தார்கள்!

பள்ளி வாசலை மிதிக்காத என் தந்தை எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் பாரத்தைத்தான் விசாரிப்பார். மாதிரி தயாரிப்போர் பெட்டியின் மேலட்டையில் எடையைப் பெரிய எழுத்தில் அச்சிடட்டும். உள்ளே, அந்த எடை தாங்காமல் முறிந்த பாலம் ஒன்றையும் சேர்த்து வைக்கட்டும். ஒட்டுகிற பையன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.