எண்ணெய் வழியும் முகம் ஏளனத்திற்கு உரியதா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. இன்றைய இளையோர் பலருக்கோ முகத்தைப் பற்றிய கவலையே அகத்தின் அழகைக் கெடுத்துவிடுகிறது. சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாள்களில் கல்லூரி வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நம் செவியில் விழும் கேலிகளுள் தலையாயது, “முகத்தில் எண்ணெய் வழிகிறதே!” என்பதாகும். சொல்லியவர் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார். கேட்டவர் அன்று மாலையே மருந்துக் கடையின் படியேறுகிறார். அங்கே தொடங்கும் துன்பத்தைக் கண்டவர்கள் என்ற முறையில், இலக்கிய மலரில் தோலைப் பற்றி எழுத நேர்ந்தமைக்கு நாம் நாணவில்லை.

திருமழிசையிலிருந்து வந்து பயின்ற எம் தோழர் ஒருவர், கோடை விடுமுறையில் அவ்வூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கடைசல் பட்டறையில் வேலைக்குச் சென்றார். தகரக் கூரையின் கீழ்ப் பகலெல்லாம் நின்றதில் முகத்தில் எண்ணெய் பளபளத்தது. நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள் கிளம்பின. யாரோ பெயர் சொல்லிய ஒரு களிம்பை மருத்துவரைக் கேளாமலே வாங்கிப் பூசினார். இரண்டு வாரத்தில் முகம் தெளிந்தது. களிம்பு தீர்ந்து நிறுத்திய சில நாளில் முகம் நெருப்புப் பட்டதுபோல் சிவந்தது. முன்னைவிட மிகுதியாகப் பருக்கள் தோன்றின. மீண்டும் பூசினார், அடங்கியது. நிறுத்தினார், எழுந்தது. கல்லூரி திறந்தபின் கைக்குட்டையால் முகத்தை மூடியே வகுப்பில் அமர்ந்திருந்தார். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மேடையேறாமல் வீடு திரும்பினார். தோல் மருத்துவரிடம் சென்றபோதுதான், அக்களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது தெரியவந்தது. எண்ணெய்ப் பசை ஒரு கோடைத் தொல்லை. அதற்கு அவர் கொடுத்த விலையோ ஓராண்டு.

நெய்யும் மேனியும்

எள்ளின் நெய்யே எண்ணெய் என்று தமிழ்த்துறை மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நெய்ப்பசையுடைய மேனியை நலத்தின் அடையாளமாகக் கொண்டவர்கள் நாம். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டிய மரபு நம்முடையது. வறண்டு வெளுத்த தோலைக் கண்டால் “எண்ணெய் காணாத உடம்பு” என்று பாட்டிமார் இரங்குவர். பெருமையாயிருந்த மினுமினுப்பு இழிவாக மாறியது தோலின் குற்றத்தாலன்று. நம் பார்வை மாறியதால்தான். வெண்மையே அழகென்று விற்ற விளம்பரங்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து 2020-இல்தான் நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, நெஞ்சங்களில் அது விதைத்த நாணம் அத்துணை விரைவில் மாறவில்லை.

இனி அறிவியல் கூறுவதைக் காண்போம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலெங்கும் தோலினுள் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. முகம், உச்சி, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் அவை மிகுதி. அவை சுரக்கும் நெய்ப்பொருள் தோலின் ஈரம் போகாமல் காக்கிறது. பருவ வயதில் உடலில் மிகும் இயக்குநீர்கள் அச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. ஆகவே பதினாறிலும் பதினெட்டிலும் முகத்தில் எண்ணெய் மிகுவது இயற்கை. மீசை அரும்புவதுபோல அதுவும் வளர்ச்சியின் ஒரு கூறு. கோடையில் வெப்பத்தால் அந்நெய் இளகி, வியர்வையோடு கலந்து, முகமெங்கும் பரவுகிறது. மயிர்க்கால்களின் வாய் அடைபட்டால் பரு தோன்றுகிறது. இதில் ஒழுக்கக் கேடோ தூய்மைக் குறைவோ எங்கே உள்ளது?

திருமழிசையின் கோடை

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள திருமழிசை, ஆழ்வார் ஒருவரின் பிறப்பால் தமிழிலக்கியத்தில் நிலைபெற்ற ஊர். இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ஊர். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை மே மாதத்தில் இவ்வூருக்கு மாற்றப்பட்டுச் செப்டம்பர் இறுதிவரை இங்கே நடந்தது. கத்திரி வெயிலில், தற்காலிகக் கூரைகளின் கீழ், முகக்கவசம் அணிந்து மூட்டை சுமந்தனர் தொழிலாளர். கவசத்தின் உள்ளே வெப்பமும் ஈரமும் எண்ணெயும் தேங்கினால் மூக்கோரத்திலும் தாடையிலும் பருக்கள் கிளம்பும் என்பதை அவ்வாண்டில் உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். உழைப்பவன் முகத்தில் எண்ணெய் வழிவதைக் கண்டு நகைப்பவர், தம் வீட்டுக் குழம்பில் வேகும் காய் யார் தோளேறி வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டறைத் தொழிலாளிக்கு இன்னொரு எண்ணெயும் உண்டு. கடைசல் இயந்திரத்தில் உலோகம் சூடேறாதிருக்க ஊற்றும் கனிம எண்ணெய், முன்கையிலும் தொடையிலும் படிந்து மயிர்க்கால்களை அடைத்துக் கட்டிகளை உண்டாக்கும். எண்ணெய் ஊறிய சட்டையை மறுநாளும் அணிவதே இதற்குப் பெருங்காரணம். அக்கறையைப் போக்க மண்ணெண்ணெயாலும் தின்னராலும் கை கழுவுவதோ தோலைப் புண்ணாக்கிவிடும். தொழிலாளர்க்குக் கழுவுமிடம் அமைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 42-ஆம் பிரிவில் விதித்தது. சவர்க்காரமும் தூய நீரும் மாற்றுடையும் தருவது முதலாளியின் ஈகையன்று, கடமை என்பது நம் துணிபு.

செய்யத் தக்கவும் தகாதவும்

எண்ணெய்ப் பசைத் தோலுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. காலையும் மாலையும் மென்மையான முகக் கழுவியால் முகம் கழுவுதல் போதும். மிக வியர்த்தபின் இன்னொரு முறை கழுவலாம். சாதாரணச் சவர்க்காரம் காரத்தன்மை மிக்கது. நம் தோலோ இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது. பத்து முறை சோப்பிட்டுத் தேய்ப்பவர் அழுக்கை மட்டும் நீக்கவில்லை. தோலின் காவலையும் நீக்குகிறார். தொழுகைக்கென ஒளுச் செய்யும் எம் தோழர்க்கு நாம் கூறுவது: ஒவ்வொரு வேளையும் வெறும் நீரே போதும், சோப்பை நாடற்க. கழுவியபின் துண்டால் உரசாமல் ஒற்றி எடுப்பது நலம்.

தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் வெயிலில் நெற்றிக்கு இறங்கிப் பருக்களை உண்டாக்குவதுண்டு. வெளியே செல்லும் பகலில் தலை சொட்டச்சொட்ட எண்ணெய் வைப்பதைத் தவிர்த்து, இரவில் அளவாக வைத்துக் காலையில் அலசிவிடலாம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் செல்வோர்க்குத் தோல் வெந்து கருமை படிவதுண்டு. பருவின் மேல் பற்பசை தடவுவதும் புண்ணையே தரும். பயத்தமாவு பழகியவர் பயன்படுத்தலாம்; ஆயின் அழுத்தித் தேய்த்தல் ஆகாது. பருவைக் கிள்ளுதல் கூடவே கூடாது. நம் நிறத்தோர்க்குப் பரு போனாலும் அதன் கறுப்புத் தழும்பு பல திங்கள் நிற்கும். வெயில் அத்தழும்பை மேலும் கருக்கச் செய்யும். குடையும் தொப்பியும் நாணத்தக்க பொருள்கள் அல்ல. வெயில் தடுப்புப் பூச்சு வாங்குவோர் எண்ணெய் கலவாததைத் தேர்ந்து வாங்குக.

நுங்கும் மோரும் வெள்ளரியும் கோடையில் உடலுக்கு நன்மை தருவனவே. முகத்து எண்ணெயை அவை நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. வடை தின்றால் அவ்வெண்ணெயே முகத்தில் வழியும் என்பதும் பிழையான எண்ணம். சர்க்கரை மிகுந்த பண்டங்களும் குளிர்பானங்களும் சிலருக்குப் பருவை மிகுவிக்கும் என்பதே ஆய்வாளர் கருத்து.

பருக்கள் மிகுந்தால் நாட வேண்டியவர் மருத்துவரே. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பயனுள்ள மருந்துகள் உள்ளன. அவை பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சிட வேண்டும் என்னும் அவசரமே ஸ்டீராய்டு களிம்பின் வாயிலைத் திறந்துவிடுகிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களைக் குழாயின் மேல் கண்டால், மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அதனை முகத்தில் இடாதீர். தோல் மெலிதல், இரத்த நாளம் வெளியே தெரிதல், முகத்தில் முடி வளர்தல், வெயில் பொறாமை ஆகியன அவற்றின் கேடுகள். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல்லாண்டு எச்சரித்தபின், இத்தகைய களிம்புகளை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாது என 2018-இல் நடுவணரசு அறிவித்தது. முன்பே பூசிப் பழகியவர்களும் தாமாகத் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு நிறுத்துவதே தக்கது.

சட்டம் இருந்தும் களிம்பு கைமாறுகிறது என்றால் அதற்குக் கடைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வாங்க விரையும் மாணவனின் பின்னால் நம் சிரிப்பு நிற்கிறது. ஆகவே நாம் வேண்டுவன சிலவே. கல்லூரிகள் கோடையில் குழாய்களில் நீர் வற்றாமல் காக்கட்டும். ஆண்டுக்கொருமுறை தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து மாணவரோடு உரையாடச் செய்யட்டும். மாணவராகிய நாம் தோழரின் முகத்தைப் பற்றிப் பேசும் நாவை அடக்குவோம்.

எம் தோழர் இப்போது நலமாக இருக்கிறார். கன்னத்தில் சில தழும்புகள் உள்ளன. கோடையில் இன்றும் அவர் முகத்தில் எண்ணெய் வழியத்தான் செய்கிறது. அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில் கைக்குட்டையின்றி அவர் மேடையேறினார். முதற்பரிசு பெறவில்லை, ஆயினும் அவர் பேசி முடிக்கும் வரை அரங்கில் எவரும் நகைக்கவில்லை. அந்த அமைதியை எல்லா முகங்களுக்கும் வழங்குவோமாக.