"ஹெல்ப் பண்றேன்"னு சொல்லாதீங்க, ரங்கமணிகளே!

புதுசா கல்யாணம் ஆன பசங்க கிட்ட ஒரு டயலாக் இருக்கு. "நானெல்லாம் வீட்ல தங்கமணிக்கு நல்லா ஹெல்ப் பண்ணுவேன் மச்சி." சொல்லிட்டு ஒரு சின்ன கேப் விடுவாங்க. அந்த கேப்ல நாம கை தட்டணுமாம் :-)

இந்தப் பதிவு அந்த "ஹெல்ப்"ங்கற வார்த்தையைப் பத்தித்தான். என் கட்சி இதுதான்: கல்யாணமான முதல் ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு பேருமே சமையலை முழுசா கத்துக்கணும். ஒருத்தர் கத்துக்கிட்டு இன்னொருத்தர் வெங்காயம் உரிச்சுக் கொடுக்கற கதை வேலைக்கு ஆகாது.

எங்க வீட்டு நிலவரம்: சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ரெண்டு ரூம் வீடு. ரெண்டு பேருக்கும் ஆணி புடுங்கற உத்தியோகம். ரெண்டு பேரும் ஹாஸ்டல் மெஸ், அப்புறம் பி.ஜி.ன்னு வளர்ந்தவங்க. தாலி கட்டுன அன்னிக்கு ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சமையல் ஒண்ணே ஒண்ணு, மேகி. அதாவது சமையல்ல ரெண்டு பேரும் சரி சமம். ஆனா பொண்ணு பாக்கப் போன இடத்துல "சமைக்கத் தெரியுமா கண்ணு?"ங்கற கேள்வி ஒரு பக்கம் மட்டும்தான் போச்சு. என் பக்கம் வந்த கேள்வி "பேக்கேஜ் எவ்வளவுங்க தம்பி?". அவளுக்கும் அதே டிகிரி, கிட்டத்தட்ட அதே சம்பளம்!

ஆம்பளைக்கு சமையல் வராதுன்னு யாராச்சும் சொன்னா சிரிப்புத்தான் வருது. நள பாகம், பீம பாகம்னு பேர் வெச்சதே ஆம்பளைங்க பேர்லதான். நம்ம ஊர்ல எந்தக் கல்யாண மண்டபத்து அடுப்படியிலயும் போய்ப் பாருங்க, கரண்டி யார் கையில இருக்குன்னு. புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு தாத்தாவும் பேரன்களும் வயக்காட்டுல சமைச்சுக் காட்டுன வில்லேஜ் குக்கிங் சேனல், 2021ல ஒரு கோடி சப்ஸ்க்ரைபரைத் தொட்டுச்சு. காசும் பேரும் வர்ற சமையல்னா ஆம்பளைங்க கை நல்லாவே ஓடுது. தினமும் காலையில ஆறரை மணிக்கு, யாரும் கை தட்டாத சமையல் இருக்கு பாருங்க, அங்கதான் கை வழங்க மாட்டேங்குது.

இது என் கற்பனை இல்ல, கணக்கு இருக்கு. மத்திய அரசு 2019ல நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையை (சமையல், துவையல், கூட்டறது எல்லாம் சேர்த்து) செஞ்ச பொண்ணுங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவு பண்ணாங்க. செஞ்ச ஆம்பளைங்க 97 நிமிஷம். இதுல "செஞ்ச"ங்கற வார்த்தையை கவனிங்க. பொண்ணுங்கள்ல நூத்துக்கு 81 பேர் செஞ்சாங்க, ஆம்பளைங்கள்ல 26 பேர்தான். 2024ல மறுபடி எடுத்தாங்க. பொண்ணுங்க நேரம் 289 ஆச்சு. சரி, பத்து நிமிஷம் மிச்சம், அதை ஆம்பளைங்க எடுத்துக்கிட்டாங்க போலன்னு சந்தோஷப்படாதீங்க. ஆம்பளைங்க நேரமும் 88 ஆகக் குறைஞ்சிருச்சு! என்னா ஒரு சமத்துவம்!

2021 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல, இல்லத்தரசியோட உழைப்புக்கும் வருமானம்னு ஒரு மதிப்பு போட்டே ஆகணும்னு சொன்னப்ப, நீதிபதி ரமணா இந்த 299, 97 கணக்கைத் தீர்ப்புலயே எடுத்து வெச்சார். 2023 ஜூன்ல நம்ம சென்னை ஹைகோர்ட், புருஷன் சம்பாத்தியத்துல வாங்குன சொத்துல வீட்டைப் பாத்துக்கிட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. கோர்ட்டுக்கே தெரியுது அது வேலைன்னு. நாம இன்னும் அதை "ஹெல்ப்"னு சொல்லிட்டிருக்கோம்.

சரி, கத்துக்கறதுக்கு வருவோம். புதுப் பொண்ணு சமையல் கத்துக்கற கதைன்னாலே தமிழ்ல ஒரு புத்தகம் ஞாபகம் வரும். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதுன "சமைத்துப் பார்". முதல் பாகம் 1951ல வந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் குறிப்பு கேட்டு எழுதிக்கிட்டே இருக்க, புத்தகமா போட்டுடேன்னு அவங்க மாமா தைரியம் சொன்னாராம். அப்புறம் கல்யாணப் பொண்ணு கையில கொடுத்து அனுப்பற சீர் மாதிரியே ஆயிருச்சு. கடல் தாண்டிப் போன பொண்ணுங்க பொட்டியில எல்லாம் அது இருந்துச்சு.

எனக்கு அந்த அம்மா மேல பெரிய மரியாதை. காரணம், "கைப்பக்குவம்"ங்கற மாயத்தை உடைச்சு ஆழாக்கு, பலம்னு அளவு போட்டு எழுதுனாங்க. அந்த அளவெல்லாம் இன்னிக்கு நமக்குப் புரியாது, அது வேற விஷயம். ஆனா அளவுன்னு ஒண்ணு எழுதி வெச்சா, சொல்லிக் கொடுக்க அம்மா பக்கத்துல இல்லாதவங்களும் சமைக்கலாம். அப்ப அதை மாப்பிள்ளை கையிலயும் ஒரு காப்பி கொடுத்திருக்கலாமே? எழுத்துக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாதுங்க.

நாங்க அதே வழியில போனோம். ரெண்டு அம்மாவையும் போன்ல பிடிச்சோம். "உப்பு எவ்வளவும்மா?" "கண்ணளவுதான் சாமி." "எத்தனை ஸ்பூன்?" "அட, போடறப்ப தெரியும்!" எந்த மேனேஜர் இப்படி ரெக்வயர்மெண்ட் கொடுத்தாலும் தாங்கிக்கலாம், அம்மாக்களைத் தாங்க முடியாது :-) அதனால அவங்க சமைக்கறப்ப பக்கத்துல நின்னு, தராசு வெச்சு எடை போட்டு, ரெண்டு பேரும் பொது நோட்டுல எழுதிட்டோம்.

எங்க பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்துல இருந்துதான் ஆரம்பிச்சோம். ஒரு டம்ளர் அரிசி, மூணுல ஒரு பங்கு துவரம்பருப்பு. கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளிச்சு, மஞ்சள் போட்டு, தண்ணி விட்டு மூணு விசில். மேல நெய். இதைச் செய்யத் தெரிஞ்சா எந்தப் புதுக் குடும்பமும் பட்டினி கிடக்காது. அடுத்தது கொள்ளு. வெந்த தண்ணியில ரசம், கொள்ளுல கடைசல், ஒரே வேலையில ரெண்டு ஐட்டம். அப்புறம் மாவு. இதுக்கு நோட்டுல நேரம் எழுதறதுல அர்த்தமே இல்ல. சேலத்து ஏப்ரல் வெயிலுக்கு சாயந்திரம் ஆட்டுன மாவு ராத்திரியே பொங்கி நிக்கும். மார்கழியில விடிஞ்சும் தூங்கிட்டிருக்கும். பாத்துப் பாத்துத்தான் பழகணும். பழகறதுக்கு ரெண்டு கண்ணு போதும், தாலி வேண்டாம்.

ஆனா அடுப்பு முன்னாடி நிக்கறது சமையல்ல பாதி கூட இல்லைங்கறதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மீதி எல்லாம் தலைக்குள்ள நடக்குது. நாளைக்கு என்ன? உளுந்து ஊறப் போட்டாச்சா? தக்காளி இருக்கா? காலையில சூரமங்கலம் உழவர் சந்தைக்கு யாரு போறது? நேத்து மிஞ்சுன குழம்பு இன்னிக்குத் தாங்குமா? "ஹெல்ப்" பண்றவனுக்கு இந்தக் கேள்வி எதுவும் கிடையாது. "என்ன பண்ணணும் சொல்லு, பண்றேன்"னு நிப்பான். சொல்றதே ஒரு வேலைன்னு அவனுக்குத் தெரியாது. ஆபீஸ்ல சொல்லணும்னா, அவன் டிக்கெட் வந்தா முடிப்பான், சிஸ்டம் படுத்தா ராத்திரி போன் வேற ஒருத்தருக்குப் போகும்.

அதனால எங்க வீட்ல வேலையைப் பிரிக்காம நாளைப் பிரிச்சோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. அன்னிக்கு என்ன சமையல்ங்கற யோசனை, அதுக்கு முந்தின நாள் ஊறப் போடறது, காய் வாங்கறது, சிங்க்ல கிடக்கற பாத்திரம் வரைக்கும் என் தலை. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாச்சும் புதுசா முயற்சி, சாயந்திரம் தட்டு வடை செட் :-)

"சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாமே, ஸ்விக்கி இருக்கே"ன்னு கேப்பீங்க. தாராளமா. ஆனா அந்த அக்கா வரலைன்னா யாருக்கு டென்ஷன், மெனு யாரு சொல்றது, மளிகை லிஸ்ட் யாரு போடறதுன்னு பாருங்க. பெரும்பாலும் அதே ஆள்தான். "என் மனைவிக்கு சமைக்கறது ரொம்பப் பிடிக்கும்"னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு டெஸ்ட்: அவங்களுக்குப் பிடிக்காத அன்னிக்கு, காய்ச்சல் அடிக்கற அன்னிக்கு, வீட்ல அடுப்பு எரியுதா?

இதுல கஷ்டமான பகுதி சமையலே இல்ல, சொந்தக்காரங்கதான். நான் தோசை ஊத்திட்டிருக்கறப்ப வந்த ஒரு பெரியம்மா, "பையனை அடுப்படியில நிக்க வெச்சுட்டா பாரு"ன்னு சொன்னாங்க. கரண்டி பிடிச்சது நான், பேச்சு வாங்குனது அவ. இங்கதான் ரங்கமணிகள் நிறைய பேர் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிச்சுட்டு தப்பிச்சுடறாங்க. அப்படி சிரிச்சா அந்தப் பழி தங்கமணி தலையில நிரந்தரமா உக்காந்துடும். "இன்னிக்கு என் நாளுங்க பெரியம்மா, உங்களுக்கு முறுகலா வேணுமா, மெத்துனு வேணுமா?"ன்னு கேட்டேன். அவங்க முறுகலாவே ரெண்டு சாப்பிட்டாங்க. அவங்க மனசு மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பதில் என் வாயில இருந்து வரணும், அவ வாயில இருந்து வந்தா அது திமிருன்னு ஆயிடும்.

ஏன் முதல் ஆறு மாசம்னு சொல்றேன்னா, அப்பப் பழகுறதுதான் அப்படியே நிக்கும். நாப்பது வருஷமா ஒருத்தர் மட்டுமே அடுப்படி பாத்த வீடுகளைக் கவனிங்க. அந்தம்மா ஆஸ்பத்திரியில படுத்துட்டா, அந்த ஐயாவுக்கு காபித் தூள் டப்பா எங்க இருக்குன்னே தெரியாது. அவருக்கும் அது பாவம்தான். தனக்கு ஒரு வாய் சோறு வடிச்சுக்கத் தெரியாத வாழ்க்கையை யாரும் அவருக்கு வரமா கொடுக்கலை.

கல்யாணம் நிச்சயமான பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொண்ணு வீட்ல கேக்கறாங்களோ இல்லையோ, அரிசியும் பருப்பும், ஒரு ரசம், ஒரு பொரியல், சட்னி, மாவு ஆட்டறது, இந்த அஞ்சும் இப்பவே கத்துக்க ஆரம்பிங்க. அப்புறம் "ஹெல்ப்"ங்கற வார்த்தையே உங்களுக்குத் தேவைப்படாது.

டிஸ்கி: இது வியாழக்கிழமை ராத்திரி எழுதுனது. நாளைக்கு என் நாள், கொள்ளு ஊறப் போட்டாச்சு. வர்ட்டா!