மரியாதைக்குப் பயிலரங்கம் போதாது

1917இல், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உயரதிகாரி. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள்கூடத் தூர நின்றே கோப்புகளை அவர் மேசையில் வீசினார்கள்.

இன்று கோப்பு கணினியில் வருகிறது. தூரம் மட்டும் குறையவில்லை. ஆய்வுக்கு வருமுன் நான் வேலை பார்த்த தனியார் அலுவலகத்தில், “ஊரில் எந்தத் தெரு?” என்று விசாரித்தார்கள். ஐம்பது வயதுத் தூய்மைப் பணியாளரை “வா, போ” என்றவர்களே பணியிடப் பண்பாட்டுப் பயிலரங்கில் முன்வரிசையில் அமர்ந்தார்கள். அந்தப் பயிலரங்கில் சாதி என்ற சொல்லே எழவில்லை.

பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க, பத்துப் பேர் பணிபுரியும் இடத்திலேயே உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பெண்கள் போராடிப் பெற்றது அது. தனியார் அலுவலகங்களில் சாதி இழிவை விசாரிக்க அப்படியொரு கட்டாயக் குழு ஏன் இல்லை? புன்னகை பழகச் சொல்லாதீர்கள், புகார் வாங்குங்கள்.