கேமுக்கும் 'பாடு' உண்டு

நல்ல கேம், மொக்கை கேம்னு பொதுவா தீர்ப்பு சொல்ல முடியுமா? "எல்லாம் அவனவன் ரசனை"ன்னு தப்பிச்சுக்கலாம். எனக்கு அதுல பாதிதான் சம்மதம்.

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இறால் படாது. நல்ல இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்காம சீட்டுப் போட்டு, முறை வெச்சு வலை கட்டுவாங்க. (அதுல எல்லாச் சாதிக்கும் இடமில்லைங்கிறது தனிச் சண்டை.) எவ்ளோ இறால் படும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா முறை தவறினா கரையில நிக்கிறவனுக்கே தெரிஞ்சிடும்.

கேமும் அப்படித்தான். சுவாரசியத்தை அளக்க முடியாது, நியாயத்தை அளக்கலாம். 2017-ல வந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' பார்க்க அவ்ளோ அழகு. ஆனா காசு கொடுத்துப் பெட்டி வாங்கினா கூடுதல் பலம் கிடைக்கிற மாதிரி வெச்சிருந்தாங்க. ஊரே திட்டினதுல, வெளியீட்டுக்கு முந்தின நாள் ஈ.ஏ. நிறுவனம் அந்த விற்பனையை நிறுத்தி வெச்சது. இது ரசனைச் சண்டையா என்ன?

கிராபிக்ஸ், கதை பத்தி அப்புறம் அடிச்சுக்கலாம். ஓட்டை போனும் காலி பாக்கெட்டுமா உக்காந்திருக்கிற வலைக்காரர் வீட்டுப் பையனுக்கும் ஜெயிக்க வழி இருக்கா? என் முதல் மார்க் அதுக்குத்தான்.