சீரீஸ் 1-ன்னா யாருங்க?

ஹைதராபாத் சனத்நகர் தெரியுமில்லையா? தொழிற்பேட்டை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட தலைமை அலுவலகமே அங்கதான். காற்றை அளக்குற தானியங்கி நிலையமும் அந்த ஏரியால ஒண்ணு இருக்கு. அது தர்ற எண்களை மத்திய வாரியத்தோட தளத்துல யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். நல்ல விஷயம்.

இறக்கி என்ன பண்றோம்? எக்ஸெல்ல கொட்டி, கிராஃப் பட்டனை அமுக்கி, வந்ததை அப்படியே சொந்தக்காரங்களுக்குத் தள்ளிவிடறோம். ஓரத்துல பார்த்தா 'சீரீஸ் 1'. யாருங்க அது?

கோட்டுல 90-ன்னு ஒரு புள்ளி இருக்குன்னு வைங்க. அது காற்றுத் தரக் குறியீடுன்னா, நம்ம நாட்டுக் கணக்குல 'திருப்திகரம்'. அதே 90, பி.எம். 2.5 நுண்துகளோட 24 மணி நேர சராசரின்னா, அதாவது ஒரு கன மீட்டருக்கு 90 மைக்ரோகிராம்னா, குறியீடு 200-ஐத் தொட்டாச்சு. இந்திய வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 15. ஆஸ்துமா இருக்கிற அம்மாவைக் காலைல வாக்கிங் போகச் சொல்றதா வேண்டாமான்னு இவ்ளோ தூரத்துல உக்காந்து முடிவு பண்றவங்களுக்கு, அந்த அலகுதான் எல்லாமே.

'அதெல்லாம் மென்பொருளே பேர் வச்சுக்கும்'பாங்க. வைக்காதுங்க, ஊகிக்கும். முதல் வரிசையில எழுத்து இருந்தா தலைப்புன்னு எடுத்துக்கும். இல்லேன்னா சீரீஸ் 1, சீரீஸ் 2. 'வருஷம்'னு தலைப்பு போட்டுக் கீழ 2019, 2020-ன்னு வெறும் எண்ணா அடிச்சா, அதையும் ஒரு அளவுன்னு நெனச்சு தனிக் கோடு இழுத்துரும். அந்த மூலைக் கட்டத்தைக் காலியா விட்டாத்தான் புரிஞ்சுக்கும்.

இந்த ஊகம் எதுவரைக்கும் போச்சு தெரியுமா? 'மார்ச்1'ங்கிற மரபணுப் பேரை எக்ஸெல் மார்ச் 1-ந்தேதியா மாத்திட்டே இருந்துச்சு. 2020-ல வந்த புது விதிமுறையில விஞ்ஞானிங்க மரபணுவோட பேரையே மாத்தினதைச் சொன்னாங்க. தேதியா மாத்துறதை நிறுத்திவைக்க எக்ஸெல்ல வசதி வந்தது 2023-ல!

'நேரமில்லை'ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த இடம், எந்தப் பொருள், என்ன அலகு, எத்தனை மணி நேர சராசரி. நாலே விஷயம். தலைப்பு வரிசையில அடிக்க அரை நிமிஷம். அப்புறம் எக்ஸெல்லே அதை எடுத்து கிராஃப்ல போட்டுக்கும்.

எடுத்துப் போடுறது மெஷின் வேலை. பேர் வைக்கிறது நம்ம வேலைங்க.