உள்ளூர்ப் பரீட்சையும் சில ஆட்சேபங்களும்

மாநிலம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள் இருந்தாலன்றி மாணவரின் தேர்ச்சியைத் திடமாக அறிய இயலாதென்றும், பரீட்சையைச் சொந்தப் பள்ளியின் ஆசிரியரிடமே ஒப்படைப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகுமென்றும் கல்வி நிர்வாகிகள் பலர் சாதித்து வருகின்றனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், 2000-ஆம் ஆண்டையொட்டி, எழுத்துத் திறனுக்கு மட்டும் பொதுப் பரீட்சையை வைத்துக்கொண்டு, வாசிப்பு, கணிதம் முதலியவற்றை மதிப்பிடும் பொறுப்பைப் பள்ளி மாவட்டங்களிடமே விட்டுச் சில ஆண்டுக்காலம் நடத்திக் கண்ட அனுபவம் இவ்வாதத்திற்கு நேர்மாறான சாட்சியமாகும்.

முதல் ஆட்சேபம், தரம் சீர்குலையும் என்பது. ஒவ்வொரு மாவட்டமும், தன் வினாக்கள் மாநிலம் வகுத்த பாடத் தரங்களோடு இயைந்தவையா, கேட்கப்பட்டதைக் கற்க மாணவருக்கு முன்னரே வாய்ப்பு இருந்ததா, மதிப்பெண் ஒரே சீராக வழங்கப்பட்டதா என்பன போன்ற ஆறு பிரமாணங்களுக்கு ஆதாரம் காட்டவேண்டியிருந்தது. அவ்வாதாரங்களைப் பரிசீலித்து அளித்த தீர்ப்பு, மாணவர் தேர்ச்சியுடன் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. தன் யோக்கியதையையும் இவ்வாறு ஊரறிய அளந்து காட்டும் பரீட்சை அபூர்வமே.

இரண்டாவது, ஆசிரியர் பட்சபாதம் காட்டுவார் என்பது. மனித சுபாவத்தை அறிந்தோர் இந்த ஐயத்தை அலட்சியம் செய்யார். எனினும் அதற்குப் பரிகாரம் பரீட்சையைப் பறிப்பதன்று. ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றவர் பாராமல் இரு ஆசிரியர் ஒரே விடைத்தாளைத் திருத்தி, ஒருவர் மூன்றும் மற்றவர் இரண்டும் இட்டிருப்பின், எந்த வரியை முன்னிட்டு அவ்வாறு இட்டனர் என்று விவாதித்து முடிவு காணும்போது, சலுகை வெளிப்பட்டுவிடுவதோடு, நாளை வகுப்பில் எதை மறுபடி போதிக்கவேண்டும் என்பதும் விளங்கிவிடுகிறது. வகுப்பெல்லாம் முடிந்தபின் வந்துசேரும் மதிப்பெண் பட்டியலால் அந்தப் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது, ஊருக்கு ஊர் ஒப்பிட இயலாது என்பது. ஒப்பிடுவதற்கு வேண்டியது பொதுவான அளவுகோலேயன்றிப் பொதுவான வினாத்தாள் அன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம், ராட்ஃபோர்டு குழுவின் 1970-ஆம் ஆண்டு அறிக்கையை ஏற்று வெளித்தேர்வைக் கைவிட்டபின், ஒரு பள்ளியின் விடைகளைப் பிற பள்ளி ஆசிரியர் குழுக்கள் பரிசோதித்துத் தரத்தைச் சமன் செய்யும் முறையைப் பல்லாண்டுகள் அனுசரித்தது. 2020-இல் வெளித்தேர்வு மீண்டபோதும், கணிதமும் விஞ்ஞானமும் நீங்கலாகப் பொதுவான பாடங்களில் அதன் பங்கு கால்வாசியே.

அவ்வளவு சிறந்ததாயின் நெப்ராஸ்கா ஏன் கைவிட்டது என்பர். 2008-இல் சட்டமன்றம் பொதுப் பரீட்சையை விதித்தது; உள்ளூர் முறையை வளர்த்த கல்வி ஆணையர் டக் கிறிஸ்டென்சென் அவ்வாண்டே பதவி துறந்தார். வாக்கெடுப்பில் தோற்பதும் வாதத்தில் தோற்பதும் ஒன்றல்ல. ஆண்டு முழுவதும் குழந்தையை ஆசிரியரிடம் ஒப்படைக்கத் துணிந்த அரசாங்கம், அக்குழந்தை கற்றதை அளக்கவும் அவரைப் பயிற்றுவித்து, கண்காணித்து, நம்புவதே நியாயம்.